தொட்டியில் எவ்வளவு தண்ணீர்? பப்டிஸ்ட் சபை பற்றி வாசகர் கேள்விகள்

சிற்றூர்ச் சபைகளின் வரலாறும் நம்பிக்கையும் பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றில், குழந்தைகளுக்கு அல்லாமல் தாமே விசுவாசிப்பவருக்கு மட்டும் தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கும் பப்டிஸ்ட் சபை குறித்தவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்கன் மிஷன், மெதடிஸ்த மிஷன், சேர்ச் மிஷன் மூன்றையும் அவர்களின் பள்ளிக்கூடங்களால் எல்லோருக்கும் தெரியும். பப்டிஸ்ட் சபையார் எங்கிருந்து வந்தார்கள்? இங்கே ஏன் இவ்வளவு குறைவு?
– வாசகர், கொக்குவில்

நீங்கள் சொன்ன மூன்று மிஷன்களுக்கும் முன்பே அவர்கள் இலங்கைக்கு வந்துவிட்டார்கள். பப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் சேற்றர் 1812இல் பர்மாவிலிருந்து கொழும்புக்கு வந்தார். மெதடிஸ்தர் வந்தது 1814இல், அமெரிக்கர் 1816இல், சேர்ச் மிஷனார் 1818இல். சேற்றரை அனுப்பிய சங்கம் 1792இல் இங்கிலாந்தின் கெற்றரிங் ஊரில் தொடங்கியது. வில்லியம் கேரியை வங்காளத்துக்கு அனுப்பியதும் அதே சங்கம்தான்.

சேற்றர் சிங்களம் படித்து 1815இல் சிங்கள இலக்கணம் ஒன்றை அச்சிட்டார். அவருக்குப் பின் 1830இல் வந்த எபனேசர் டானியல் கொழும்பைச் சுற்றிய கிராமங்களில் 1844 வரை உழைத்தார். 1841இல் வேலை கண்டிக்கும் பரவியது. ஆட்பலமும் பணமும் தெற்கிலும் மலைநாட்டிலும் போய்விட்டன. அந்தக் காலத்துக்குள் குடாநாட்டின் பழைய கோவிற்பற்றுகளை (திருச்சபைப் பிரிவுகளை) மற்ற மூன்று மிஷன்களும் பங்கிட்டுக்கொண்டன. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில் பக்கம் அமெரிக்கர், நல்லூரில் சேர்ச் மிஷனார், நகரிலும் பருத்தித்துறையிலும் மெதடிஸ்தர். ஒருவர் வேலைசெய்யும் இடத்தில் இன்னொருவர் கால் வைப்பதில்லை என்ற வழக்கமும் இருந்ததால் நான்காவது மிஷனுக்கு இடம் கிடைக்கவில்லை. இன்று இங்குள்ள பப்டிஸ்ட் சபைகள் பெரும்பாலும் சிறியவையாக இருப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

யாழ்ப்பாண வாசகர் அறியவேண்டிய இன்னொரு தொடர்பும் உண்டு. 1812 பெப்ரவரியில், பின்னர் யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிஷனை அனுப்பிய சங்கமான அமெரிக்கன் போர்ட் தன் முதல் மிஷனரிமாரைக் கப்பலேற்றியது. அவர்களில் அதோனிராம் ஜட்சனும் சாமுவேல் நியுவெலும் இருந்தார்கள். ஜட்சன் கப்பலிலேயே ஞானஸ்நானம் பற்றி வேதத்தை ஆராயத் தொடங்கி, குழந்தைக்குக் கொடுப்பது சரியல்ல என்ற முடிவுக்கு வந்து, 1812 செப்ரெம்பர் 6ஆம் திகதி கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். பிறகு தன்னை அனுப்பிய சங்கத்தை விட்டு விலகிப் பர்மாவுக்குப் போனார். நியுவெல் பழைய நம்பிக்கையிலேயே நின்று 1813இல் இலங்கைக்கு வந்து, மிஷன் தொடங்க யாழ்ப்பாணமே ஏற்ற இடம் என்று எழுதி அனுப்பினார். வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் பின்னர் வந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பரிந்துரை வழி திறந்தது. ஒரே கப்பலில் வந்த இருவர் இந்த ஒரு கேள்வியில் பிரிந்தார்கள்.

யோவான் ஸ்நானகன் தொடங்கிய சபையா இது? பெந்தெகொஸ்தேயும் இதுவும் ஒன்றா?
– வாசகி, சாவகச்சேரி

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். பப்டிஸ்ட் இயக்கம் 1609இல் அம்ஸ்ரர்டாமில் அடைக்கலம் புகுந்திருந்த ஆங்கிலேயரிடையே, ஜோன் ஸ்மித் என்பவரின் தலைமையில் தொடங்கியது. பெந்தெகொஸ்தே இயக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. முழுகிக் கொடுப்பதில் இரு சபையாரும் ஒத்திருக்கிறார்கள். பெந்தெகொஸ்தேயார் ஆவியின் அபிஷேகத்தைத் தனி அனுபவமாகவும் அந்நிய பாஷையை அதன் அடையாளமாகவும் கொள்வார்கள். பப்டிஸ்ட் சபையில் பொதுவாக அப்படிப் போதிப்பதில்லை.

உடுவிலில் குழந்தையாக இருக்கும்போதே எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. இப்போது நான் போகும் பப்டிஸ்ட் சபையில் சேர்வதற்கு முழுக்கு எடுக்கவேண்டும் என்கிறார்கள். இது இரண்டாம் தரம் ஆகாதா? அம்மா மிகவும் மனம் வருந்துகிறா.
– வாசகி, மானிப்பாய்

உங்கள் அம்மாவின் கணக்கில் இது இரண்டாம் தரம்தான். தென்னிந்திய திருச்சபை ஞானஸ்நானத்தை ஒருவருக்கு ஒரேயொரு தரம் கொடுப்பது. பெற்றோரும் சபையும் விசுவாசத்தோடு கொண்டுவந்த குழந்தையைத் தேவன் ஏற்றுக்கொள்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே திரும்ப எடுப்பது முதலாவதைத் தள்ளிவிடுவதாக அவர்களுக்குத் தோன்றும். அந்த வருத்தத்தை லேசாக எண்ணவேண்டாம்.

பப்டிஸ்ட் சபையின் கணக்கு வேறு. ஒருவருக்காக இன்னொருவர் விசுவாசிக்க முடியாது. தாய்க்கும் முடியாது, போதகருக்கும் முடியாது, அரசனுக்கும் முடியாது. இந்தச் சபையின் மற்ற எல்லா ஒழுங்குகளும் இந்த ஒரு நம்பிக்கையிலிருந்தே கிளைக்கின்றன. விசுவாசம் முதலில், ஞானஸ்நானம் பிறகு என்ற ஒழுங்கை அவர்கள் அப்போஸ்தலருடைய நடபடிகள் 8ஆம் அதிகாரத்து எத்தியோப்பிய மந்திரியிடம் காண்கிறார்கள். முழுகுவதன் பொருளை ரோமர் 6இல் காண்கிறார்கள்: கிறிஸ்துவோடு அடக்கம் பண்ணப்பட்டு அவரோடு எழுவது. ஆகையால் குழந்தையில் நடந்தது பெற்றோரின் நல்ல ஜெபம், ஞானஸ்நானம் இனித்தான் என்பார்கள். ஆனால் 1609இல் ஸ்மித் தண்ணீரை ஊற்றித்தான் கொடுத்தார். முழுகுவது இலண்டனில் 1640களின் தொடக்கத்தில் வழக்காகி, 1644ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையில் எழுத்தில் ஏறியது. எவ்வளவு தண்ணீர் என்பதை விட யாருக்கு என்பதே அவர்களுக்கு முதற்கேள்வியாக இருந்திருக்கிறது.

இந்த வாதத்தின் கனத்தை யாழ்ப்பாண வரலாறும் காட்டும். 1658இல் ஒல்லாந்தர் ஆட்சி தொடங்கியபின் கோவிற்பற்றுப் பள்ளிகளில் தோம்பு என்ற பதிவேடு வைத்து ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிந்தார்கள். உத்தியோகத்துக்கும் வாரிசு உரிமைக்கும் அந்தப் பதிவு வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கியதும் தோம்பில் பெயர் இருந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் பழைய வழிபாட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது இது. முதலில் அந்தச் சபையில் குழந்தை ஞானஸ்நானம் பெற்றவரை முழுக்கு இல்லாமல் அங்கத்தவராக ஏற்பார்களா என்று கேளுங்கள். சில பப்டிஸ்ட் சபைகள் ஏற்கும், சில ஏற்கா. ஏற்காவிட்டால் ஆயத்த வகுப்பு முழுவதற்கும் போங்கள். அதற்குப் பின்தான் சபையார் முன் உங்கள் விசுவாசத்தை உங்கள் வாயால் சொல்லவேண்டிவரும். தேதி குறிக்க முன்பு உங்கள் ஊர்ச் சபை ஐயரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர் அதை வேறு வாயால் கேள்விப்பட்டால் வீட்டில் வருத்தம் இரட்டிக்கும். நாளை உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் இங்கே குழந்தைப் பிரதிஷ்டை உண்டு. தண்ணீர் இல்லை, ஜெபம் மட்டும். அதனால் பிள்ளை சபை அங்கத்தவர் ஆவதில்லை.

எங்கள் சபையில் 60 பேர். சபைக் கட்டடத்துக்குள் ஞானஸ்நானத் தொட்டி கட்ட யோசிக்கிறோம். அளவு என்ன? எதில் கவனமாக இருக்கவேண்டும்?
– சபைச் செயலாளர், தென்மராட்சி

முழுக்குக் கொடுக்கும் பகுதி உள்ளளவில் 7 அடி நீளம், 4 அடி அகலம் இருக்கட்டும். ஆள் நீளவாக்கில் சாய்வார், போதகர் பக்கத்தில் நிற்பார். 4 அடிக்குக் குறைந்தால் போதகரின் முழங்கை சுவரில் இடிக்கும். சுவர் நாலரை அடி உயரம், தண்ணீர் மூன்றரை அடி. தண்ணீர் இடுப்புக்குக் கீழே நின்றால் ஆளின் முழுப் பாரமும் போதகரின் முதுகில் ஏறும். மூன்றரை அடியில் பாரத்தைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும்.

பலரும் மறப்பது படிக்கட்டு. நாலரை அடி இறங்க 6¾ அங்குல உயரத்தில் 8 ஏற்றம் வேண்டும். ஒவ்வொரு படியும் 11 அங்குல அகலம் என்றால் படிக்கட்டு மட்டும் ஆறரை அடி நீளம் பிடிக்கும். ஆக மொத்தம் பதின்மூன்றரை அடி. இடம் போதாமல் படியைச் செங்குத்தாக வைத்துவிட்டு, நனைந்த உடுப்போடு ஏறுகிறவர் சறுக்கி விழுகிற தொட்டிகளே அதிகம். ஒரு பக்கக் கைபிடி அவசியம். படிக்கும் தரைக்கும் வழுவழுப்பான மாபிள் பதிக்கவேண்டாம், சொரசொரப்பானதே நல்லது.

இந்த அளவில், 3 அடி அகலப் படிக்கட்டையும் சேர்த்தால், ஏறத்தாழ 3,500 லீற்றர் தண்ணீர் கொள்ளும். அதன் நிறை மூன்றரைத் தொன். எனவே மரமேடை மேலோ, பொறியியலாளர் பார்க்காத மாடித் தளத்திலோ வைக்கக்கூடாது. அடியில் சுவரின் ஒவ்வொரு சதுர அடிக்கும் 100 கிலோ அளவில் அழுத்தம் வரும். வெறும் சீமெந்துக்கல் சுவர் மூலையில் வெடிக்கும். கம்பி கட்டிய 6 அங்குலக் கொங்கிறீற்றே வேண்டும். உள்மூலைகளைச் சரிவாகப் பூசி, நீர்க்காப்புக் கலவையோடு இரண்டு பூச்சுப் பூசி, ஒரு கிழமையாவது நனைத்து வையுங்கள். மாபிள் பதிக்க முன்பு நிரப்பி, சுவரில் கோடு போட்டு, 24 மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. மாபிள் பதித்த பிறகு கசிவைத் தேடுவது பெரும்பாடு.

உங்கள் பக்கம் மணல் நிலம். கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வரும். ஆழமாகப் புதைத்த வெறுந்தொட்டியைக் கீழிருந்து அந்த நீர் தூக்கி, அடித்தளத்தை வெடிக்கவைக்கும். 2 அடிக்கு மேல் தோண்டாமல் மிச்சத்தைப் பிரசங்க மேடையின் உயரத்துக்குள் அடக்குங்கள். தரையை ஒரு மூலைக்குச் சரித்து, அங்கே 2 அங்குலக் குழாயும் வெளியே வால்வும் வையுங்கள். வாளியால் இறைக்கவேண்டிய தொட்டியை யாரும் ஒழுங்காகக் கழுவமாட்டார்கள்.

கிணற்று மோட்டர் நிமிடத்துக்கு 35 லீற்றர் இறைத்தால் நிரம்ப ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஆகும். சனி பின்னேரம் நிரப்பி, 25 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். முழுக்கு முடிந்த அன்றே தொட்டியைத் திறந்துவிடுங்கள். மூடி வைத்தாலும் இடுக்குக்குள் நுளம்பு போய் முட்டையிடும், டெங்குக் காலத்தில் அது ஊருக்கே ஆபத்து.

மின்சாரம் பற்றி விட்டுக்கொடுப்பே கூடாது. தண்ணீருக்குள் நிற்கும் போதகர் கையில் வயர் மைக் கொடுக்கவேண்டாம். அப்படி உயிர்போன சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன. மைக் தண்ணீருக்கு எட்டாத தூரத்தில் நிற்கட்டும். தண்ணீர் சூடாக்கும் கம்பிச்சுருள் நம் வெயிலுக்குத் தேவையே இல்லை.

உடுப்பு: வெள்ளைப் பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டித் தெரியும். தடித்த துணியில் அங்கி தைத்து, உள்ளே கடுநிற உடுப்பு போடச் சொல்லுங்கள். அங்கி தண்ணீரில் குடைபோல எழும்பாமல் இருக்க, வலைக்குக் கட்டும் சிறு ஈயக்குண்டுகள் நாலைந்தைக் கீழ்மடிப்புக்குள் வைத்துத் தைக்கலாம். சேலை வேண்டாம், படியில் காலைச் சுற்றும். ஆளுக்கு இரண்டு துவாய், ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு உடைமாற்றும் அறை.

முதல் நாள் வெறுந்தரையில் ஒருதரம் பழகிப் பார்க்கவும். முழுக்கு எடுப்பவர் லேஞ்சியால் மூக்கைப் பிடித்துக்கொள்வார். போதகரின் ஒரு கை அந்தக் கைகளின் மேல், மற்றது தோள்பட்டைகளுக்கு நடுவில். எடுப்பவர் முழங்காலை மடித்துப் பின்னால் சாயவேண்டும். விறைத்து நின்றால் கால் தரையை விட்டு மிதந்து, எழுப்பமுடியாமல் போகும். பயத்தில் ஓரடி பின்வைத்தால் தலை படியில் இடிக்கும். ஆள் பெரிதாயும் போதகர் சிறிதாயும் இருந்தால் உதவிக்காரர் ஒருவர் மறுபக்கம் நிற்கட்டும். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

தொட்டிச் செலவு கட்டுப்படியாகாவிட்டால் காரைநகர் கசூரினா கடற்கரை இருக்கிறது. ஆழம் குறைவு, இடுப்பளவுக்குச் சற்றுத் தூரம் நடக்கவேண்டும். வாடைக்காற்று வீசும் மாதங்களைத் தவிருங்கள்.

எங்கள் அம்மம்மாவுக்கு 78 வயது, படி இறங்கமாட்டா. தண்ணீர் தெளித்துக் கொடுக்கலாமா?
– வாசகர், கரவெட்டி

முதலில் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றை யோசியுங்கள். இரண்டு பேர் அவவைக் கதிரையோடு தூக்கி இறக்கலாம், தண்ணீருக்குள் பாரம் தெரியாது. இருதய நோயோ ஆறாத புண்ணோ இருந்தால் வைத்தியர் சொல்வதைக் கேளுங்கள். முடியவே முடியாதவருக்குப் பல சபைகள் ஊற்றிக் கொடுக்கும், சில சபைகள் முழுக்கு இல்லாமலே அங்கத்துவம் கொடுக்கும். முடிவு சபைக் கூட்டத்தினுடையது. ஞானஸ்நானம் இரட்சிப்பைத் தருவதில்லை, பெற்றுக்கொண்டதன் சாட்சியே என்பது இவர்கள் போதனை. ஆகவே அம்மம்மா பயப்படத் தேவையில்லை.

பிஷப் இல்லை, சினொட் இல்லை என்றால் யார்தான் தீர்மானிப்பது? எங்கள் ஊரில் போதகரும் சபையும் பிரிந்து, காணி யாருடையது என்று வழக்குவரை போய்விட்டது.
– வாசகர், பருத்தித்துறை

தீர்மானிப்பது சபைக் கூட்டம். ஞானஸ்நானம் பெற்று ஏட்டில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு, போதகருக்கும் ஒன்றுதான். போதகரை அழைப்பதும், உதவிக்காரரை (டீக்கன்மாரை) தெரிவதும், வரவு செலவை ஏற்பதும், புதியவரைச் சேர்ப்பதும் அந்தக் கூட்டமே. விசுவாசம் ஒவ்வொருவரின் பொறுப்பு என்றால் சபையின் காரியமும் ஒவ்வொருவரின் பொறுப்பு என்பது இதன் அடிப்படை. பப்டிஸ்ட் சபைகளின் சங்கத்தோடு சேர்ந்திருக்கும் சபைக்கும் சங்கம் ஆலோசனை சொல்லலாம், கட்டளையிட முடியாது.

இதில் பழுது வரும் இடங்கள் தெரிந்தவைதான். வெளிநாடு போனவரின் பெயரை ஏட்டில் வைத்துக்கொண்டு மூன்றிலொரு பங்கு வரவு வேண்டும் என்று யாப்பில் எழுதினால் கூட்டமே கூடாது. ஆண்டுக்கொரு தரம் ஏட்டைத் திருத்தி, வராதோரைத் தனிப் பட்டியலில் போடுங்கள். அடுத்தது, போதகரை ஒரு வாக்கு வித்தியாசத்தில் அழைப்பது. பாதிச் சபை வேண்டாம் என்ற ஆள் முதல் நாளிலிருந்தே தனியாக நிற்பார். மூன்றில் இரண்டு பங்காவது வேண்டும் என்று எழுதிவையுங்கள். கூட்ட அறிவித்தல் இரண்டு ஞாயிறு முன்பே, என்ன தீர்மானம் என்பதையும் சொல்லி வரவேண்டும்.

காணி விஷயம் இவை எல்லாவற்றிலும் பெரியது. சிறு சபைகளில் காணி உறுதி போதகரின் பெயரிலோ, பணம் கொடுத்த அங்கத்தவரின் பெயரிலோ இருந்துவிடுகிறது. அவர் காலமானால் சட்டப்படி அது பிள்ளைகளின் முதுசம். சட்டத்தரணியைக் கொண்டு நம்பிக்கைப் பொறுப்பாளர் பெயரில் நம்பிக்கை உறுதி முடித்து, பொறுப்பாளர் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவரைச் சபைக் கூட்டம் எப்படி நியமிக்கும் என்பதை அதிலேயே எழுதுவியுங்கள். சண்டை வரும் முன்பு இதற்கு ஒரு பின்னேரம் போதும், வந்த பிறகு ஆண்டுக்கணக்கு.

திருவிருந்துக்குக் கடை வைன் வேண்டாம் என்கிறார்கள். முந்திரிகைச் சாறு நாமே செய்யலாமா?
– வாசகி, கோப்பாய்

உங்கள் பக்கத்துத் தோட்டப் பழம் இருக்கையில் செய்யாமல் விடுவதா! ஒரு கிலோ பழத்தில் 600 மில்லிலீற்றர் போல சாறு வரும். சிறு கிண்ணத்துக்கு 10 மில்லி என்றால் 60 பேருக்குச் சரி. காம்பு நீக்கிக் கழுவி, எவர்சில்வர் பாத்திரத்தில் அரைக் கோப்பை தண்ணீரோடு மெல்லிய நெருப்பில் 15 நிமிடம் வைத்து, விதை உடையாமல் மரக்கரண்டியால் மசியுங்கள். விதை உடைந்தால் கசக்கும். அலுமினியப் பாத்திரத்தைப் புளிப்பு அரிக்கும். துணியில் வடித்து, கொதி வருமுன் இறக்கி, அவித்த போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சூடாக்காத பச்சைச் சாற்றை வெளியில் வைத்தால் நம் வெக்கைக்கு ஒரு நாளில் நுரைக்கத் தொடங்கிவிடும்.

நான் சைவன். மதம் மாற்றுகிற சபையார் மற்றவர் மதச் சுதந்திரத்தைப் பற்றி என்ன சொல்வார்கள்?
– வாசகர், நல்லூர்

நேரான கேள்வி. ஸ்மித்தின் தோழர் தோமஸ் ஹெல்விஸ் 1612 அளவில் இங்கிலாந்து திரும்பி, அரசன் முதலாம் ஜேம்ஸுக்கு ஒரு நூல் எழுதினார். அரசன் சாகும் மனிதன், குடிகளின் ஆத்துமாவின் மேல் அவனுக்கு அதிகாரம் இல்லை என்றார். யூதரையும் முஸ்லிம்களையும்கூட அவர்கள் சமயத்துக்காக அரசு தண்டிக்கக்கூடாது என்றும் அதே நூலில் எழுதினார். நியூகேற் சிறையில் போட்டார்கள், 1616க்குள் இறந்துவிட்டார். ஒருவருக்காக இன்னொருவர் விசுவாசிக்க முடியாது என்பதன் மறுபக்கம் இது: வற்புறுத்தி விசுவாசிக்கவைக்கவும் முடியாது. இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும் சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் அந்தச் சுதந்திரத்தைத் தருகிறது. தங்கள் விசுவாசத்தைச் சொல்வார்கள், கேட்பதும் விடுவதும் உங்கள் உரிமை. பணமோ பொருளோ வேலையோ காட்டி ஒருவரை முழுக்குக்குக் கொண்டுவரும் சபை, தன் சொந்தக் கொள்கையையே மீறுகிறது. அப்படி நடந்தால் பப்டிஸ்ட் சபையாரிடமே நீங்கள் கேட்கலாம், அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

எங்கள் சிறு சபையின் வரலாற்றை எழுத விரும்புகிறோம். 1995 இடப்பெயர்வில் ஏடுகள் எல்லாம் போய்விட்டன. எங்கே தொடங்குவது?
– வாசகர், யாழ்ப்பாணம்

அரச பதிவிலிருந்து தொடங்குங்கள். காணி உறுதியின் பதிவு காணிப் பதிவகத்தில் இருக்கும், அதிலிருந்து வாங்கிய ஆண்டும் விற்றவரும் தெரியவரும். சபையில் பதிந்த திருமணங்களின் பிரதிகளை மாவட்டப் பதிவாளரிடம் கேளுங்கள். அவற்றில் போதகரின் கையெழுத்து இருக்கும் என்பதால் யார் எந்த ஆண்டில் ஊழியம் செய்தார் என்பதை வரிசைப்படுத்தலாம். பழைய மிஷன் கடிதங்கள் ஒக்ஸ்போர்டின் றீஜன்ற்ஸ் பார்க் கல்லூரியில் உள்ள அங்கஸ் நூலகத்தில் இருக்கின்றன. 1841இல் தொடங்கிய அமெரிக்கன் மிஷன் பத்திரிகையான உதயதாரகையின் பழைய இதழ்களையும் தேடுங்கள்.

அடுத்து ஆட்கள். கனடா, லண்டன் போன அங்கத்தவர்களிடம் ஞானஸ்நானச் சான்றிதழையும், முழுக்கு அன்று எடுத்த படத்தையும் கேளுங்கள். படத்தின் பின்னால் திகதி எழுதியிருக்கும். நினைவிலிருந்து சொன்னதையும் தாளில் கண்டதையும் நோட்டில் வேறு வேறு பக்கங்களில் எழுதுங்கள், கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. கறையான் அரித்த தாளைப் பிளாஸ்ரிக் உறைக்குள் ஒட்டி மூடவேண்டாம், அது பழுதைக் கூட்டும். ஸ்கான் செய்து, அமிலமில்லாத தாளுறையில் போட்டு, சுவரில் ஒட்டாத இரும்பு அலுமாரியில் வையுங்கள். ஸ்கான் செய்த படங்களின் ஒரு பிரதி குடாநாட்டுக்கு வெளியே உள்ள ஒருவரிடம் இருக்கட்டும்.